நகர அமைப்பாளருக்குக் கிராமத்தில் என்ன வேலை?

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த பயிற்சி வகுப்பில், நகர் ஊரமைப்புப் பணியில் உள்ளவர்கள் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நகர அமைப்பாளர் என்று எங்களை அறிமுகப்படுத்தும்போது கிராமத்தில் இரண்டு விதமான எண்ணங்கள் எழுவதைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறவர்கள் என்பது ஒன்று. இவர்கள் வந்துவிட்டால் நிலம் போகப் போகிறது என்பது மற்றொன்று. முதல் எண்ணம் சரியன்று. வீட்டை வரைகிறவர் கட்டடக் கலைஞர். இரண்டாவது எண்ணத்தை அவ்வாறு ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. ஆதலின் எங்கள் தொழில் எத்தகையது, அது உங்கள் வயலையும் வாய்க்காலையும் எங்கே வந்து தொடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

நகரத்துக்குத் திட்டம் தீட்டுகிறவர்களுக்குக் கிராமத்தில் என்ன வேலை என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் நகரம் என்பது எங்கோ தொலைவில் ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கும் பொருளன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாநில மக்களில் 100க்கு 48 பேருக்கு மேல் நகர்ப்புறங்களில் வசித்தனர். அந்தக் கணக்கெடுப்பில் நகரங்கள் என்று எண்ணப்பட்டவை 1,097. அவற்றுள் 376 இடங்கள் மாநகராட்சியும் அல்ல, நகராட்சியும் அல்ல, பேரூராட்சியும் அல்ல. கணக்கெடுப்பு அலுவலகம் 'நகரம்' என்று எழுதிக்கொண்டது. ஆட்சி நடத்தியதோ வேறு உள்ளாட்சி அமைப்புகள், பெரும்பாலும் ஊராட்சிகள். மக்கள் தொகை 5,000க்குக் குறையாமலும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாமலும், உழைக்கும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயமல்லாத தொழிலில் ஈடுபட்டும் இருந்தால் அந்த ஊரைக் கணக்கெடுப்பில் நகரமாக எழுதுவார்கள். தெரு விளக்கும், குப்பையும், சாக்கடையும் நகரத்தின் அளவுக்கு வந்துவிட்டன; அவற்றைக் கவனிக்க இருப்பதோ ஓர் ஊராட்சிச் செயலாளரும் சில தூய்மைப் பணியாளர்களும்தான். இத்தகைய ஊர்களிலேயே எங்கள் வேலையில் பெரும் பகுதி கிடக்கிறது.

இந்தத் தொழில் நம் நாட்டுக்கு வந்த கதையைச் சிறிது சொல்லலாம். பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தாவர நூல் பேராசிரியர், நகரங்களை ஆராய்வதில் ஆர்வம் கொண்டவர். சென்னை கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் அவர் 1914ஆம் ஆண்டில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல ஊர்களின் வரைபடங்களும் படங்களும் அடங்கிய அவருடைய பொருட்காட்சி 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் வந்தது. முதல் உலகப் போர் தொடங்கியிருந்த சமயம் அது. செப்டம்பர் மாதத்தில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், அடுத்த மாதம் இந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. (எமகாதகனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் நம் பேச்சில் வந்தது அந்தக் கப்பலால்தான்.) பல ஆண்டுகளாகச் சேர்த்தவை அனைத்தும் கடலில் போயின. நண்பர்கள் வேறு படங்களைச் சேகரித்து அனுப்ப, 1915ஆம் ஆண்டில் சென்னையில் அந்தப் பொருட்காட்சி நடைபெற்றது. பிறகு கெடிஸ் தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம் முதலிய ஊர்களுக்குச் சென்று அறிக்கைகள் எழுதினார்.

அவர் கற்பித்த பாடம் மிக எளியது. திட்டம் தீட்டுவதற்கு முன்னே ஊரை நடந்து பார்க்க வேண்டும். நெரிசலான தெரு என்றால் உடனே நேர்கோடு போட்டு வீடுகளை இடித்துப் பெருஞ்சாலை அமைக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. எந்தச் சந்தைச் சிறிது அகலப்படுத்தினால் போதும், எந்தப் பாழடைந்த வீட்டை மட்டும் அகற்றினால் காற்று வரும், எந்த மரத்தடியை விட்டுவைக்க வேண்டும் என்று வீடு வீடாகப் பார்த்துச் சொன்னார். கொசு பெருகுகிறது என்பதற்காகக் குளங்களைத் தூர்க்க வேண்டும் என்று அந்தக் காலத்துப் பொறியாளர்கள் சிலர் கூறியபோது, குளத்தில் மீனை விடுங்கள், குளத்தைத் தூர்க்காதீர்கள் என்று வாதாடியவரும் அவர்தான். நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் இந்த வாதம் முடிந்துவிடவில்லை.

பம்பாயில் 1915ஆம் ஆண்டிலும் சென்னையில் 1920ஆம் ஆண்டிலும் நகர அமைப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சென்னைச் சட்டம் பெயரளவிலேயே நகரத்தைப் பற்றியது. அதற்குப் பதிலாக வந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். 'ஊர்' என்ற சொல் அங்கே சும்மா வந்து உட்காரவில்லை. நகரத்தின் எல்லைக்கு வெளியே உள்ள நிலத்தை விட்டுவிட்டு நகரத்துக்குத் திட்டம் போட முடியாது என்பது அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது.

இனி, ஓர் ஊருக்குள் நாங்கள் வந்தால் என்ன செய்கிறோம் என்று சொல்கிறோம்.

முதலில் கேட்பது கிராம வரைபடம். அதனுடன் 'அ' பதிவேடும், புல அளவைப் புத்தகத்தின் படங்களும். எது நஞ்செய், எது புஞ்செய், எது நத்தம், எது ஏரிப் புறம்போக்கு, எது வாய்க்கால், எது வண்டிப் பாதை, எது மேய்ச்சல் நிலம் என்று அளவை எண் வாரியாக வண்ணமிடுகிறோம். அது முடிந்ததும் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறோம். காகிதத்தில் உள்ள வாய்க்கால் தரையில் இராது. தரையில் ஓடுகிற வாய்க்கால் காகிதத்தில் இராது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில்தான் எங்கள் நாட்களில் பாதி கழிகிறது.

அதன் பிறகு, ஊரில் நீண்ட நாள் நீர்ப்பாய்ச்சிய பெரியவரைத் தேடுகிறோம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக எந்த ஊர் ஏரிக்குப் போகிறது? 2015ஆம் ஆண்டு மழையில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? இந்த மூன்று கேள்விகளுக்கும் அவர் சொல்லும் விடை, வானத்திலிருந்து எடுத்த படத்தைவிடச் சில வேளைகளில் நுட்பமாக இருக்கும். படத்தில் மேடு பள்ளம் தெரியலாம். எந்த மதகை யார் எந்த வருஷம் அடைத்தார் என்பது தெரியாது.

தண்ணீரைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறோம் என்பதற்கு ஒரு சிறு கணக்கைச் சொன்னால் விளங்கும். ஓர் ஏக்கர் நிலத்தின் மீது 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 33 வந்து நின்றால் ஏற்றிச் செல்லக்கூடிய அளவு அது. நெல் வயலாக இருந்தால், நல்ல வரப்பு உள்ள வயலில் இதில் பெரும் பகுதி அங்கேயே நிற்கும், மெல்ல ஊறும், மிகுந்தது மடை வழியே அடுத்த வயலுக்குப் போகும். அதே ஏக்கரில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, சிமெண்டுத் தளமும் தார்ச் சாலையும் போட்டுவிட்டால் அந்தத் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்து நிலத்துக்கோ பழைய ஊர்த் தெருவுக்கோ வந்துவிடும். 100 ஏக்கர் மனையானால் 4 கோடி லிட்டர். வயல் நெல்லை மட்டும் தரவில்லை. சம்பளமில்லாமல் வெள்ளத்தையும் காத்து நின்றது. வயலை விற்கும்போது நெல்லுக்குள்ள விலையைக் கணக்கிடுகிறோம். இந்த இரண்டாவது வேலைக்கு எவரும் விலை போடுவதில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றின் ஓரத்தில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற ஊராட்சிப் பகுதிகளில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தது யாவரும் அறிந்ததே. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் ஓரளவு தவிக்கத்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் மனைகளே காரணம் என்று சொன்னால் அது மிகையாகும். எனினும் ஆற்றின் வெள்ளச் சமவெளியாகவும் ஏரிகளின் உபரி நீர் ஓடும் வழியாகவும் வயலாகவும் இருந்த இடங்களில், அங்கே வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர்களுக்கு அந்த நிலத்தின் பழைய வேலை என்னவென்று எவரும் சொல்லியிருக்கவில்லை. விற்றவருக்குத் தெரியும், கணக்குப் புத்தகத்துக்குத் தெரியும், வாங்கினவருக்குத் தெரியாது.

விவசாயப் பெருமக்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நிலத்தை விற்பவரைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. கடனும், கல்யாணமும், மகனின் படிப்பும் வரும்போது, ஓர் ஏக்கருக்கு நெல் தரும் வருமானத்தையும் மனைத் தரகர் சொல்லும் தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் குடும்பத்துக்கு நாங்கள் உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் ஒருவர் விற்பது அவரோடு நின்றுவிடுவதில்லை என்பதைப் பல ஊர்களில் பார்த்து வருகிறோம். இது எவ்வாறு நிகழ்கிறது என்று சொல்கிறோம்.

ஒரு மதகின் கீழ் 40 ஏக்கர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமடையில் உள்ள 8 ஏக்கர் விற்கப்படுகிறது. அதன் வழியே கீழே செல்லும் வாய்க்கால் இரண்டு வகையாக இருக்கலாம். அரசாங்கப் புறம்போக்காக, தனி அளவை எண்ணோடு வரைபடத்தில் ஏறியிருக்கலாம். அல்லது, பட்டா நிலத்துக்குள்ளேயே நான்கு தலைமுறையாக வழக்கத்தின் பேரில் ஓடுகிற சிறு கால்வாயாக இருக்கலாம். முதல் வகையை மனைப் பிரிவில் சேர்த்து விற்க முடியாது. சேர்த்தால் வரைபடம் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாவது வகைக்குச் சாட்சி இல்லை. புது உரிமையாளர் வேலி போடும் அன்றே அது மறைகிறது. சில இடங்களில் வாய்க்கால் இல்லாமல் வயலுக்கு வயல் பாய்கிற முறையே உண்டு. அங்கே மேல் வயல் மனையானதும் கீழ் வயலுக்குப் பாய்ச்சலே நின்றுவிடும். கோடையில் தண்ணீர் வராது. மழையில் மனையின் தண்ணீர் முழுவதும் வந்து நிற்கும். அறுவடை இயந்திரம் போக வழியும் அடைபடும். கடைமடைக்காரர் இரண்டு போகம் பார்ப்பார், மூன்றாவது போகத்தில் அவரும் தரகரைத் தேடிப் போவார். அவர் நிலத்தை விற்றார் என்று பத்திரம் சொல்லும். விற்கும்படி ஆயிற்று என்பதே உண்மை. அவசரத்தில் விற்பவருக்கு விலையும் குறைவாகவே கிடைக்கும்.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்களுக்கு எங்கள் முதல் வேண்டுகோள், பட்டா நிலத்தின் வழியே ஓடும் பாசனக் கால்களையும் வடிகால்களையும் இப்போதே, நிலம் விலை பேசப்படுவதற்கு முன்பே, ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது. எந்த அளவை எண்ணில் தொடங்கி எந்த அளவை எண்ணில் முடிகிறது, எத்தனை அடி அகலம், எந்த வயல்கள் அதனால் பாய்கின்றன என்று எழுதி, கிராம சபையில் படித்துத் தீர்மானமாக நிறைவேற்றினால், பின்னர் மனைப் பிரிவுக்கு விண்ணப்பம் வரும்போது அது எங்கள் கோப்பில் இருக்கும். இல்லையேல் எங்கள் மேசைக்கு வருவது வெறும் செவ்வகங்கள் வரைந்த ஒரு நீலப் படம். அதில் வாய்க்கால் இருந்ததற்கான அடையாளமே இராது. இத்தீர்மானம் பட்டா உரிமையை மாற்றிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் வடிகாலுக்கு இடம் விட்டு மனையை அமையுங்கள் என்று நிபந்தனை விதிக்க எங்களுக்கு ஆதாரம் கிடைக்கும்.

மனைப் பிரிவு அங்கீகாரத்தைப் பற்றிச் சில சொற்கள். முன்னாளில் ஊராட்சித் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் இருந்தால் போதும் என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் மனை வாங்கினர். தொழில்நுட்ப அனுமதியின்றி ஊராட்சி தனித்து மனைப் பிரிவை அங்கீகரிக்கச் சட்டத்தில் இடமில்லை. இதன் விளைவு 2016ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. மகள் திருமணத்துக்காக வாங்கிப் போட்ட மனையை விற்க முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. அடுத்த ஆண்டில் அரசாங்கம் வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கு அவை வழி செய்தன. கட்டணம் செலுத்தியவர் பெரும்பாலும் மனை போட்டு விற்றுவிட்டுப் போனவர் அல்லர், வாங்கினவர். காகிதம் சரியாகிவிட்டது என்பதற்காக 16 அடிச் சாலை 24 அடியாகிவிடாது; இல்லாத பூங்கா முளைத்துவிடாது.

அங்கீகாரம் பெற்ற மனைப் பிரிவுகளில் ஊராட்சிக்கு வந்து சேர வேண்டிய சொத்து ஒன்று உண்டு. அது எவ்வளவு பெரிது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 10 ஏக்கரில், அதாவது 1,000 சென்டில், மனைப் பிரிவு அமைகிறது என்று கொள்வோம். சாலைகளுக்கு 250 சென்ட் போகிறது. எஞ்சிய 750 சென்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 75 சென்ட், பொது ஒதுக்கீட்டு இடமாக விடப்பட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவுகளில் இதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்ப முடியாது. நிலமாகவே விட வேண்டும். சாலைகளையும் இந்த இடத்தையும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 75 சென்ட் என்பது 13 கிரவுண்டுக்கும் மேல். மனையாக விற்றால் என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பத்திரம் பதிவானதும் ஊராட்சி என்ன செய்கிறது? சில ஊர்களில் பீரோவில் வைத்துப் பூட்டுகிறது. நிலத்தில் வேலியும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை, உட்பிரிவும் செய்யப்படவில்லை, வருவாய்க் கணக்கில் பழைய உரிமையாளர் பெயரே நீடிக்கிறது. பத்து ஆண்டு கழித்து உறுப்பினர்கள் மாறிவிடுகிறார்கள்; பத்திரம் எங்கே என்று எவருக்கும் தெரிவதில்லை. பூங்கா என்று படத்தில் பச்சை வண்ணமிட்ட இடத்தில் 'மனை விற்பனைக்கு' என்று பலகை நிற்கிறது. அப்போது ஊராட்சி வழக்குப் போட வேண்டும், வக்கீலுக்குப் பணம் தேட வேண்டும். தொடக்கத்திலேயே அளந்து, கல் நட்டு, பட்டாவை ஊராட்சியின் பெயருக்கு மாற்றி, நான்கு வேப்பங்கன்றும் ஒரு கம்பி வேலியும் வைக்க ஆகும் செலவு அந்த வழக்குச் செலவில் ஒரு சிறு பங்குகூட வராது. உறுப்பினர்கள் தங்கள் ஊராட்சிக்கு இதுவரை வந்த தானப் பத்திரங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை இடங்கள் இன்று கைவசம் உள்ளன என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது பீரோவின் சாவி யாரிடம் உள்ளது என்பதையும் கேட்டுக்கொள்வது நலம்.

புதிய மனைப் பிரிவு வருவதை ஊராட்சிகள் ஆவலோடு எதிர்பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டு வரி கூடும். பத்திரப் பதிவின்போது வசூலாகும் முத்திரைத் தீர்வை மேல்வரியில் பங்கு வரும். அந்த வரவு ஊராட்சிக்கு அவசியமானதே. ஆனால் பதிவின் வரவு விற்கும்போது வருவது. தெரு விளக்குக்கும், குடிநீர்க் குழாய்க்கும், குப்பை வண்டிக்கும், சாலைப் பழுதுக்கும் ஆகும் செலவு என்றென்றும் வருவது. பாதி மனைகள் காலியாகக் கிடக்கும்போதும் விளக்கு முழுத் தெருவுக்கும் எரிந்தாக வேண்டும். ஆகவே ஊரை ஒட்டி அமையும் மனைப் பிரிவையும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வயல் நடுவே தனித்து அமையும் மனைப் பிரிவையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாகாது. முன்னதற்குக் குழாயை நீட்டினால் போதும். பின்னதற்கு எல்லாம் புதிதாக வேண்டும்.

சாலை மட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனை விற்பவர்கள் நிலத்தை மேடாக்குகிறார்கள். அதற்கேற்பச் சாலை உயர்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போடுவதால் இன்னும் உயர்கிறது. பழைய ஊர் பள்ளத்தில் தங்கிவிடுகிறது. ஊரின் தாழ்ந்த பக்கத்தில் எந்தத் தெரு இருக்கிறது, அங்கே யார் வசிக்கிறார்கள் என்பதை உறுப்பினர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழையில் முதலில் வீட்டுக்குள் தண்ணீர் வருவது அவர்களுக்கே. கூலி வேலையும் அன்று இராது. மனைப் பிரிவின் வரைபடத்தில் சாலைகளின் உயரமும், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்ற அம்புக்குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தனி ஊரோடு எங்கள் வேலை முடிவதில்லை. பல ஊர்களையும் அவற்றின் நடுவே உள்ள சந்தையூரையும் சேர்த்து ஒரு பிரதேசமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளியும், ஆரம்ப சுகாதார நிலையமும், குளிர்பதனக் கிடங்கும் எல்லா ஊர்களிலும் அமைக்க முடியாது. எங்கே அமைத்தால் அதிகப்படியான மக்கள் குறைந்த தொலைவில் வந்து சேர்வர் என்று பார்ப்பது எங்கள் பணி. விவசாயிகள் அறிந்த உதாரணம் ஒன்று சொல்லலாம். சென்னையில் காய்கறி மொத்த வியாபாரம் நெடுங்காலம் கொத்தவால்சாவடியில் நடந்தது. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் லாரிகள் நுழைவதற்கே பாடுபட வேண்டியிருந்தது. சரக்கு வெயிலில் வாடியது. கழிவு தெருவில் குவிந்தது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கோயம்பேட்டில் புதுச் சந்தையை அமைத்து 1996ஆம் ஆண்டில் வியாபாரத்தை அங்கே மாற்றியது. வெளியூர்ச் சாலைகள் வந்து சேரும் இடத்தில் சந்தை இருந்தால், மூட்டையை ஏற்றி அனுப்பும் விவசாயிக்கு வண்டிச் சத்தத்திலும் வீணாகும் சரக்கிலும் மிச்சம் ஏற்படும். சந்தை எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியும், உங்கள் தக்காளிக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை.

இனி, நிலம் போய்விடுமோ என்ற அச்சத்துக்கு வருவோம். முழுமைத் திட்டம் என்பது ஓர் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் எந்த நிலம் குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு, எது விவசாயத்துக்கு, எதிர்காலச் சாலை எந்த வழியே என்று வரையறுப்பது. அதன் வரைவை வெளியிட்டு ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு மாதம் விவசாயிக்கு மிக மதிப்புள்ள காலம். ஆனால் அறிவிப்பு அரசிதழிலும் பத்திரிகையிலும் வரும். வயலில் நிற்பவர் கண்ணில் படுவதில்லை. நகரத்தில் நிலம் வைத்திருப்பவர்களும் தொழிற்சாலைக்காரர்களும் தவறாமல் மனுக் கொடுக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில், கிராமங்களிலிருந்து மனுக்கள் வருவது மிகக் குறைவு. திட்டம் இறுதியான பின் கோடு எங்கள் வயலில் போகிறதே என்று வருகிறவர்கள் ஏராளம். அப்போது மாற்றுவது மிகக் கடினம்.

மனு எழுதுவதில் ஒரு முறை உண்டு. 'எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்' என்று மட்டும் எழுதி நூறு பேர் கையொப்பமிட்டால், அது உண்மையே ஆயினும், அதைக் கொண்டு கோட்டை நகர்த்த எங்களுக்கு வழி தெரிவதில்லை. அளவை எண்ணைக் குறிப்பிட்டு, இந்த வழியே சாலை போனால் இந்தக் கிணறு போகும், இந்த வாய்க்கால் துண்டாகும், இத்தனை ஏக்கர் பாசனம் இழக்கும், இதற்கு வடக்கே உள்ள தரிசின் வழியே திருப்பினால் இவை தப்பும் என்று ஒரு சிறு படத்தோடு எழுதுங்கள். அத்தகைய மனுவுக்கு ஆராய்ந்து விடை எழுதியாக வேண்டியவர்கள் ஆகிவிடுகிறோம். ஊராட்சி மன்றத் தீர்மானமும் உடன் இருந்தால் அதன் எடை கூடும்.

திட்டத்தில் சாலைக்கோ பூங்காவுக்கோ குறிக்கப்பட்ட தனியார் நிலம் என்றென்றும் முடங்கிக் கிடக்க வேண்டும் என்பதில்லை. அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நிலத்தை உடன்படிக்கையின் மூலமோ கையகப்படுத்தும் அறிவிப்பின் மூலமோ எடுக்காவிட்டால், அது விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு கூறுகிறது. இதை அறியாமல், 'திட்டத்தில் மாட்டிய நிலம்' என்ற பயமுறுத்தலுக்கு அஞ்சிக் குறைந்த விலைக்கு விற்றவர்கள் உண்டு. அந்த விலைக்கு வாங்கியவர் சட்டம் படித்தவராக இருப்பார்.

விவசாய நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாதா என்று கேட்பீர்கள். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு அகழ்வு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற புதிய தொழில்களை அது தடுக்கிறது. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை. முழுமைத் திட்டம் இல்லாத இடங்களில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அனுமதி பெற வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. விதி இருக்கிறது, அதன் பலம், விண்ணப்பத்தின் மீது உள்ளூர் நிலவரத்தை யார் எவ்வளவு உண்மையாக எழுதி அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் மாவட்டத் திட்டக் குழு என்ற ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறது. ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் ஒன்று சேர்த்து மாவட்டத்துக்கு வரைவுத் திட்டம் தயாரிப்பது அதன் கடமை. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அதில் ஐந்தில் நான்கு பங்கு. ஏரி ஒரு ஊராட்சியில், அதன் வரத்துக்கால் வேறொரு ஊராட்சியில், அது போய் விழும் ஓடை நகராட்சியில் என்று இருக்கும்போது, இம்மூவரும் உட்கார்ந்து பேசுவதற்கு ஏற்ற இடம் இதுவே. அங்கே செல்லும் உறுப்பினர்கள் சாலைப் பட்டியலை மட்டும் எடுத்துச் செல்லாமல் நீர்வழிப் படத்தையும் எடுத்துச் செல்வார்களானால், எங்களைப் போன்றவர்களின் வேலை பெரிதும் எளிதாகும்.

படம் தயாரிக்க நிபுணர் தேவையில்லை. கிராம வரைபடத்தின் பெரிய நகல் ஒன்று, வண்ணப் பென்சில்கள், நடக்கத் தயங்காத நான்கு உறுப்பினர்கள், நீர்ப்பாய்ச்சியவர் ஒருவர் இருந்தால் போதும். ஊராட்சிக்குரிய குளங்களும் ஊருணிகளும், ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய ஏரிகளும், அவற்றை இணைக்கும் கால்களும் நீலம். பொது இடங்கள் பச்சை. மழையில் தண்ணீர் நிற்கும் தெருக்கள் சிவப்பு. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் ஒரு நாளில் இப்படத்தைச் சுவரில் மாட்டி வையுங்கள். வருகிறவர்கள் திருத்தம் சொல்வார்கள். பெண்களைக் கட்டாயம் கேளுங்கள். தண்ணீர் எந்தத் தெருவில் எத்தனை நாள் நின்றது என்பதை அவர்களைப் போல் நினைவு வைத்திருப்பவர் இல்லை.

இந்த நடையை இரண்டு முறை நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை. அப்போது தண்ணீர் தன் வழியைத் தானே காட்டும். பங்குனி, சித்திரையில் ஒரு முறை. புல் காய்ந்து வாய்க்கால் வறண்டு கிடக்கும் அந்நாட்களில்தான் அளவைக் கற்கள் கண்ணுக்குத் தெரியும். காணாமற்போன கற்களின் புல எண்களைத் தனியே எழுதி, அளந்து கல் நடுமாறு வட்டாட்சியருக்கு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்துக்கு ரசீது வாங்க மறக்க வேண்டாம்.